பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, விண்டோஸ் வரவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிபியு ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் வெளிச்சம் வருகிறது. அப்புறம் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஓர் ஆங்கில வரி. அதோடு நின்றுவிடுகிறது. அச்சகம், டிடிபி கடை, சின்னப் பள்ளிக்கூடம், வீடு என்று பல வருடமாகப் பழைய மெஷின்களைப் பார்த்து வருகிறேன். திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கிற கேள்விகளையும், நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். 2003 முதல் 2012 வரை அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களை மனதில் வைத்து எழுதியது இது: பென்டியம் 4, டூயல் கோர், கோர் 2 டுவோ, 865, 945, ஜி31, ஜி41 போர்டுகள், எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கிற ஃபைல்கள் பத்திரமாக வெளியே வரும்வரை ஃபார்மேட்டும் வேண்டாம், விண்டோஸை மறுபடி போடுவதும் வேண்டாம். மெஷினை அடுத்த வாரம்கூடச் சரிசெய்துகொள்ளலாம். அழிந்த ஃபைலுக்கு அடுத்த வாரம் கிடையாது.

மெஷின் நின்றுவிட்டது. முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது?

யூஎஸ்பியில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பென்டிரைவ், மொபைல் சார்ஜ் ஆகும் கேபிள், கார்டு ரீடர், இன்டர்நெட் டாங்கிள் எல்லாம். கீபோர்டும் மவுஸும் போதும். சிடி டிரைவைத் திறந்து உள்ளே டிஸ்க் கிடந்தால் எடுத்துவிடுங்கள். பழைய மெஷினாக இருந்து ஃப்ளாப்பி டிரைவும் இருந்தால் அதையும் பாருங்கள். பிறகு ஆன் செய்யுங்கள். முந்தின நாள் மாலை யாரோ பாட்டு ஏற்றிய பென்டிரைவ் பின்பக்க போர்ட்டில் மாட்டியபடியே இருக்கும். கம்ப்யூட்டர் அதிலிருந்து விண்டோஸை எழுப்பப் பார்த்துத் தோற்று நிற்கும். "ஹார்ட் டிஸ்க் போச்சு" என்று எனக்கு வரும் போன்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

அதற்கும் வரவில்லை என்றால் திரையில் இருக்கும் வரியை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரியில்தான் பாதி விடை இருக்கிறது.

பவர் பட்டனை அழுத்தியதும் உள்ளே என்னதான் நடக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் மீதிக் கேள்விகள் சுலபமாகிவிடும். முதலில் விழித்துக்கொள்வது பயாஸ், அதாவது மதர்போர்டிலேயே ஒரு சிப்பில் எழுதப்பட்ட சின்ன நிரல். அது ரேம், டிஸ்ப்ளே, கீபோர்டு எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, எந்தெந்த டிரைவ்கள் மாட்டியிருக்கின்றன என்று கூப்பிட்டுப் பார்க்கும். ஹார்ட் டிஸ்க் பதில் சொன்னால், அதன் முதல் செக்டாரை, அதாவது முதல் சின்னத் துண்டை மட்டும் படிக்கும். அந்த செக்டாரின் அளவு வெறும் 512 பைட். அதில் 446 பைட் ஒரு குட்டி நிரல். 64 பைட் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) அட்டவணை, ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கு பார்ட்டிஷன்கள். கடைசி 2 பைட் ஒரு முத்திரை. இதற்கு எம்பிஆர் என்று பெயர். 1983இல் ஐபிஎம் பிசிக்கு வந்த டாஸ் 2.0 காலத்து ஏற்பாடு இது. முப்பது வருடம் கழித்து வந்த மெஷின்களிலும் இதே 512 பைட்தான் வாசல்.

அந்தக் குட்டி நிரல், 'ஆக்டிவ்' என்று குறித்த பார்ட்டிஷன் எது என்று பார்த்து, அதன் முதல் செக்டாரிடம் வேலையை ஒப்படைக்கும். அது எக்ஸ்பியாக இருந்தால் என்டிஎல்டிஆர் என்ற ஃபைலையும், விண்டோஸ் 7 ஆக இருந்தால் பூட்எம்ஜிஆர் என்ற ஃபைலையும் தேடும். அதற்குப் பிறகுதான் விண்டோஸ் லோகோ.

ஆக இது ஓட்டப்பந்தயத்தில் கட்டையைக் கை மாற்றுவது போன்றது. எந்தக் கையில் கட்டை விழுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

திரையில் வரும் வரிகளுக்கு என்ன அர்த்தம்?

"டிஸ்க் பூட் ஃபெயிலியர், இன்சர்ட் சிஸ்டம் டிஸ்க்" என்றோ "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்றோ வந்தால், அது பயாஸ் பேசுவது. பூட் செய்ய, அதாவது விண்டோஸை எழுப்பத் தகுந்த எதுவும் அதன் கண்ணில் படவில்லை. டிஸ்க்கே தெரியாமல் இருக்கலாம், வரிசை மாறியிருக்கலாம், முதல் செக்டாரைப் படிக்க முடியாமல் போயிருக்கலாம்.

"இன்வேலிட் பார்ட்டிஷன் டேபிள்", "மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்" என்றால் பேசுவது அந்த 446 பைட் நிரல். அதாவது டிஸ்க் உயிரோடு இருக்கிறது, முதல் செக்டாரும் படிக்க வருகிறது. இது நல்ல செய்தி. "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்", "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்றால் இன்னும் ஒரு படி உள்ளே போயாகிவிட்டது. பார்ட்டிஷன்வரை எல்லாம் சரி.

"எ டிஸ்க் ரீட் எரர் அக்கர்டு" என்ற வரி வந்தால் எனக்குக் கொஞ்சம் கவலை வந்துவிடும். கேபிளாகவும் இருக்கலாம், டிஸ்க்கின் பரப்பே கெட ஆரம்பித்திருக்கவும் கூடும். "ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்" என்று வந்தால், தன் உடல்நிலையைக் கணக்கு வைக்கும் டிஸ்க் தானே வாய்விட்டுச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்1 அழுத்தினால் விண்டோஸ் வந்துவிடும்தான். வந்தவுடன் செய்ய வேண்டிய ஒரே வேலை, ஃபைல்களைக் காப்பி எடுப்பது.

பயாஸுக்குள் போய் எதைப் பார்க்க வேண்டும்?

ஆன் செய்தவுடன் டெலீட் கீயை விட்டு விட்டுத் தட்டுங்கள். சில போர்டுகளில் எஃப்2. நீலமோ சாம்பல் நிறமோ ஆன திரை வரும். முதல் பக்கத்திலேயே டிரைவ்களின் பட்டியல் இருக்கும். அங்கே உங்கள் ஹார்ட் டிஸ்க்கின் மாடல் எண் தெரிகிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. தெரிந்தால் ஒரு வழி, தெரியாவிட்டால் வேறு வழி.

பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். சில சமயம் பெயர் வரும், ஆனால் நடுவில் சம்பந்தமில்லாத குறிகள் கலந்திருக்கும். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் சிதைகிறது என்று பொருள். ஐடிஇ கேபிளில் (பழைய வகை டிஸ்க்குகளின் பட்டையான கேபிள்) ஒரு கம்பி தேய்ந்தாலோ, கனெக்டரில் ஒரு பின் வளைந்தாலோ இப்படி ஆகும். டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பயாஸில் பெயர் தெரிகிறது. பூட் ஆர்டரிலும் ஹார்ட் டிஸ்க்தான் முதலில் இருக்கிறது. ஆனாலும் வரவில்லையே?

இந்த இடத்தில் ரொம்பப் பேர் ஏமாந்துபோகிறார்கள். அந்தக் காலத்து பயாஸ்களில் பூட் ஆர்டர் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்றில் ஹார்ட் டிஸ்க், சிடி, ஃப்ளாப்பி என்ற வகைகளின் வரிசை. இன்னொன்று, ஹார்ட் டிஸ்க்குகளுக்குள் எது முதல் என்ற வரிசை. இது 'ஹார்ட் டிஸ்க் பூட் ப்ரையாரிட்டி' என்றோ 'ஹார்ட் டிஸ்க் டிரைவ்ஸ்' என்றோ தனியாக ஒரு மூலையில் இருக்கும். நிறைய போர்டுகள் பென்டிரைவையும் ஹார்ட் டிஸ்க் என்றே கணக்கில் எடுத்துக்கொண்டு, மாட்டியவுடன் அதை முதல் இடத்தில் வைத்துவிடும். இரண்டு ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினில், விண்டோஸ் இல்லாத டிஸ்க் மேலே ஏறி நின்றுகொள்ளும். அந்த உள்வரிசையைத் திறந்து விண்டோஸ் உள்ள டிஸ்க்கை மேலே கொண்டுவந்து, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள்.

கம்ப்யூட்டரில் தேதி 2002 என்று காட்டுகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும் பயாஸில் நாம் செய்துவைத்த அமைப்புகளையும் காப்பாற்றுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு தடவை மெயின் ஸ்விட்சை அணைக்கும்போதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும். தேதி மட்டும் மாறினால் பரவாயில்லை. பூட் ஆர்டரும், சாட்டா டிரைவ் (ஐடிஇக்குப் பின் வந்த, மெல்லிய கேபிள் வகை) எந்த முறையில் இயங்க வேண்டும் என்ற அமைப்பும் கூடவே மாறிப்போகும்.

இந்த இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாட்டா டிஸ்க்கை பயாஸ் பழைய ஐடிஇ முறையிலும் நடத்தலாம், ஏஹெச்சிஐ என்ற புதிய முறையிலும் நடத்தலாம். ஐடிஇ முறையில் இருந்தபோது எக்ஸ்பி போட்ட மெஷினை ஏஹெச்சிஐக்கு மாற்றினால், எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர் கிடையாது. லோகோ வரும், ஒரு நொடி நீலத் திரை மின்னும், உடனே ரீஸ்டார்ட் ஆகும், மறுபடியும் லோகோ. அந்த நீலத் திரையை நிறுத்திப் படித்தால் கடைசியில் 7பி என்று முடியும் ஓர் எண் இருக்கும். டிஸ்க்கைத் தொட முடியவில்லை என்பதற்கான எண் அது. விண்டோஸ் 7இலும் இப்படியே ஆகும். (ஜி31 போன்ற சாதாரண போர்டுகள் பலவற்றில் ஏஹெச்சிஐ என்ற தேர்வே கிடையாது. அங்கே இந்தத் தொல்லையும் இல்லை.)

ஒரு வைகாசி மாதம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்து அண்ணன் மெஷினோடு வந்தார். முகூர்த்த சீசன், கையில் பதினைந்து ஆர்டர். வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதுசு போட்டு ஃபார்மேட் செய்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆன் செய்தேன். லோகோ, மின்னல், ரீஸ்டார்ட். பயாஸுக்குள் போனால் தேதி ஜனவரி 1. பேட்டரியைக் கழற்றி மீட்டரில் வைத்தேன், 1.9 வோல்ட். புதுசு போட்டு, தேதியைச் சரிசெய்து, சாட்டா முறையை ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாற்றிச் சேமித்தேன். எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி வந்து நின்றது. அந்த டெஸ்க்டாப்பில் பதினோரு வருடத்துப் பத்திரிகைகள் ஊர்வாரியாக ஃபோல்டர் போட்டு வரிசையாக இருந்தன. அண்ணன் பேச்சில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபார்மேட் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வரும்.

பேட்டரி 2.8 வோல்ட்டுக்குக் கீழே போனால் நான் மாற்றிவிடுவேன். மாற்றும் முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடுகிற காலத்தில் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

பயாஸில் டிஸ்க் பெயரே இல்லை. என்ன செய்வது?

மெயின் ஸ்விட்சை அணைத்து, பின்னால் இருக்கும் கேபிளையும் உருவிவிடுங்கள். பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தையும் இறக்கிவிட்டுக் கை வையுங்கள்.

சாட்டா டிஸ்க் என்றால் இரண்டு கேபிள்: ஏழு தொடுமுனைகள் உள்ள மெல்லிய டேட்டா கேபிள், பதினைந்து தொடுமுனைகள் உள்ள அகலமான பவர் கேபிள். பழைய டேட்டா கேபிள்களில் பிடிப்புக் கிளிப் கிடையாது. ஃபேன் அதிர்விலேயே வருடக்கணக்கில் தளர்ந்து வந்துவிடும். இரண்டையும் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். போர்டில் வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். இந்த மூன்றிலேயே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

ஐடிஇ டிஸ்க் என்றால் விஷயம் கொஞ்சம் அதிகம். பட்டையான கேபிளில் 40 பின். அதிலேயே 80 கம்பி உள்ள வகையில் மூன்று கனெக்டர்களுக்கும் நிறம் உண்டு. நீலம் மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு (முதல் டிரைவ்), நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது டிரைவ்). டிஸ்க்கின் பின்னால், பவர் இணைப்புக்கும் டேட்டா இணைப்புக்கும் நடுவே ஜம்பர் என்ற சின்னப் பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். ஒரே கேபிளில் ஹார்ட் டிஸ்க்கும் சிடி டிரைவும் இருந்து இரண்டுமே மாஸ்டர் என்று அமைந்திருந்தால், இரண்டும் தெரியாமல் போகலாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு: தனியாக இருப்பதற்கு ஓர் அமைப்பு, ஸ்லேவோடு சேர்ந்திருக்கும் மாஸ்டருக்கு வேறு அமைப்பு. தனியாக மாட்டும்போது ஜம்பரை எடுத்துவிட வேண்டும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் படம் போட்டிருப்பார்கள், பாருங்கள்.

பழைய போர்டில் கொஞ்சம் புதிய சாட்டா டிஸ்க்கைப் போட்டுத் தெரியவில்லை என்றால், வேகம் ஒத்துப்போகாமல் இருக்கலாம். வியா விடி8237 சிப் உள்ள போர்டுகள் 3 கிகாபிட் டிஸ்க்குகளைக் கண்டுகொள்ளாது. அந்தக் காலத்து டிஸ்க்குகள் பலவற்றில் வேகத்தை 1.5 கிகாபிட்டாகக் குறைக்க ஒரு ஜம்பர் இருக்கும். அதைப் போட்டால் தெரிந்துவிடும்.

காலையில் முதல் தடவை வருவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது. ஏன்?

அனேகமாக எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுழன்று 7200 சுற்று வேகத்துக்கு வர, 12 வோல்ட் லைனில் சுமார் 2 ஆம்பியர்வரை இழுக்கும். எஸ்எம்பிஎஸ் தளர்ந்திருந்தால் டிஸ்க் மெதுவாக வேகம் பிடிக்கும். அதற்குள் பயாஸ் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று போய்விடும். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தும்போது டிஸ்க் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பதால் பதில் சொல்லிவிடுகிறது.

மீட்டர் இருந்தால் உபரி பவர் கனெக்டரில் பாருங்கள். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே 11.4 முதல் 12.6 வரை, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். மெஷின் ஆன் ஆகும் அந்த நொடியில் முள் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் கவனியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்க வேண்டாம். கேபிளை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

அப்படியே மதர்போர்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பிராசஸரைச் சுற்றி நிற்கும் குட்டி உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதோ கசிந்திருந்தாலோ அந்த கெப்பாசிட்டர் முடிந்தது. 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது உலகம் முழுக்கவே பெரிய பிரச்சினையாக இருந்தது. கைதேர்ந்த போர்டு மெக்கானிக்கால் மாற்றித் தர முடியும்.

டிஸ்க்கிலிருந்து "டிக், டிக்" என்று சத்தம் வருகிறது.

உடனே அணைத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் அவசரம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

உள்ளே தட்டின் மேல், தகவலைப் படிக்கும் ஹெட் ஒரு தலைமுடியின் தடிமனை விடப் பல ஆயிரம் மடங்கு சின்ன இடைவெளியில் மிதக்கிறது. நொடிக்கு 120 தடவை தட்டு சுற்றுகிறது. சீரான இடைவெளியில் டிக் சத்தம் வந்தால், ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஓரத்துக்குப் போய் வருகிறது. ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் தட்டில் கீறல் விழ வாய்ப்பிருக்கிறது. உள்ளே இருப்பது முக்கியமான ஃபைல் என்றால் தூசியில்லா அறை வைத்து டேட்டா மீட்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். செலவு அதிகம்தான். நாமே நாலு தடவை முயன்று பார்த்துவிட்டுக் கொண்டுபோனால், செலவும் ஏறும், கிடைப்பதும் குறையும்.

சத்தமே இல்லை, கை வைத்தால் அதிர்வும் இல்லை என்றால் பவர் வரவில்லை, அல்லது டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சை சர்க்யூட் போர்டு போயிருக்கிறது. இதே மாடல் டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டினால் போதும் என்பார்கள். மிகப் பழைய டிஸ்க்குகளில் அது நடந்தது. பின்னால் வந்தவற்றில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் ஒரு சிப்பில் இருக்கும். அதையும் மாற்றி ஒட்ட வேண்டும்.

ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். நம் ஊர்க் காற்றில் சொல்லவே வேண்டாம். ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து பார்ப்பதும் அதே கதைதான்.

டிஸ்க் தெரிகிறது, விண்டோஸ்தான் வரவில்லை. ஃபைல்களை எப்படி எடுப்பது?

இரண்டு வழி. நன்றாக ஓடுகிற இன்னொரு மெஷினில் இந்த டிஸ்க்கை இரண்டாவது டிஸ்க்காக மாட்டலாம். ஐடிஇ, சாட்டா இரண்டையும் யூஎஸ்பிக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டரும் கிடைக்கிறது. 3.5 அங்குல டிஸ்க்குக்கு அந்த கன்வெர்ட்டரோடு வரும் தனி அடாப்டரையும் மாட்ட வேண்டும். யூஎஸ்பி மின்சாரம் அதற்குப் போதாது.

இன்னொன்று, பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ், அதாவது விண்டோஸுக்குப் பதிலான இயங்குதளம். லினக்ஸ் வகைகளில் பிரபலமான உபுண்டுவில் 17.10 முதல் 32 பிட் டெஸ்க்டாப் பதிப்பு கிடையாது. பென்டியம் 4 மெஷின்கள் பலவற்றுக்கு 32 பிட்தான் வேண்டும். அதனால் பப்பி லினக்ஸ், ஆன்டிஎக்ஸ் போன்ற இலகுவானவற்றின் 32 பிட் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ரூஃபஸ் என்ற விண்டோஸ் கருவியில் பென்டிரைவ் தயார் செய்யும்போது எம்பிஆர், பயாஸ் என்று தேர்வுசெய்ய வேண்டும். லினக்ஸ் வந்ததும் பழைய டிஸ்க்கை 'படிக்க மட்டும்' என்ற முறையில் திறந்து, வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள்.

எதை எடுப்பது என்று கேட்பார்கள். எக்ஸ்பியில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஃபோல்டர் முழுவதும், விண்டோஸ் 7இல் 'யூசர்ஸ்' முழுவதும். டெஸ்க்டாப்பில் வைத்ததெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. டேலி வைத்திருந்தால் எண்களையே பெயராகக் கொண்ட கம்பெனி ஃபோல்டர்கள். டிடிபி கடைக்காரர்கள் தயவுசெய்து விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுங்கள். பேஜ்மேக்கர் ஃபைல் மட்டும் பிழைத்து, அதில் பயன்படுத்திய பாமினியோ வானவிலோ இல்லாமல் போனால், 'அம்மா' என்று அடித்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். படங்களும் பேஜ்மேக்கர் ஃபைலுக்கு வெளியே தனியாக இருக்கலாம். அதனால் வேலை ஃபோல்டரைப் பிரிக்காமல் அப்படியே முழுதாக எடுங்கள்.

காப்பி செய்யும்போது நடுநடுவே திணறினால், ஃபைல் ஃபைலாக இழுப்பதை நிறுத்திவிட்டு டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவியைப் பயன்படுத்துங்கள். அது நன்றாக இருக்கும் இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். எதுவரை எடுத்தோம் என்ற குறிப்பையும் எழுதிவைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது பழைய டிஸ்க், எது புதிய டிஸ்க் என்பதை மட்டும் மூன்று தடவை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க்கை எடுத்து நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதிவிடும்.

செக் டிஸ்க் ஓட்டலாமா?

காப்பி எடுத்த பிறகு ஓட்டலாம். எடுக்கும் முன் கூடாது. செக் டிஸ்க்கின் வேலை ஃபைல் அமைப்பை ஒழுங்குபடுத்துவது. உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் முதல் கவலை இல்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஓடி அதை இன்னும் களைப்பாக்கும்.

டிஸ்க்கின் உண்மையான உடல்நிலை தெரிய வேண்டுமென்றால் ஸ்மார்ட் கணக்கைப் பாருங்கள். விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஜிஸ்மார்ட் கன்ட்ரோல். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள் என்ற இரண்டு எண்களும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான். 199ஆம் எண்ணில் வரும் சிஆர்சி பிழை மட்டும் ஏறியிருந்தால் அது கேபிளின் குற்றம்.

என்டிஎல்டிஆர், பூட்எம்ஜிஆர் பிழைகளை எப்படிச் சரிசெய்வது?

எக்ஸ்பி சிடியிலிருந்து பூட் செய்து, ஆர் அழுத்தினால் ரெக்கவரி கன்சோல் வரும். சிடியின் ஐ386 ஃபோல்டரில் இருக்கும் என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட் இரண்டையும் சி டிரைவின் வேருக்குக் காப்பி செய்தால் பெரும்பாலும் போதும். தேவைப்பட்டால் ஃபிக்ஸ்பூட் கட்டளை. விண்டோஸ் 7 என்றால் டிவிடியில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். ஒரே தடவையில் சரியாகாவிட்டால் இரண்டு, மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள். ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளையை லினக்ஸும் சேர்ந்து இருக்கும் மெஷினில் கொடுத்தால் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் லினக்ஸின் கிரப் மெனு போய்விடும்.

பழைய இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றினேன், அன்றிலிருந்து பூட்எம்ஜிஆர் இல்லை என்கிறது.

விண்டோஸ் 7 போட்ட அன்று இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்திருக்கும். விண்டோஸ் ஒரு டிஸ்க்கில் உட்கார்ந்தாலும், பூட் ஃபைல்களை பயாஸ் வரிசையில் முதலாக இருந்த மற்ற டிஸ்க்கில் வைத்துவிட்டது. கழற்றியதைத் திரும்ப மாட்டுங்கள், வந்துவிடும். நிரந்தரமாகக் கழற்ற வேண்டும் என்றால், விண்டோஸ் உள்ள பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்கி, அந்த டிஸ்க்கை மட்டும் வைத்து ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்ட வேண்டும்.

புது டிஸ்க் போட வேண்டும் என்றால் எது வாங்குவது?

சாட்டா உள்ள போர்டு என்றால் சின்ன எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போதும். போர்டு பழசு என்பதால் முழு வேகம் வராது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் அளவு வித்தியாசம் இருக்கும். 2 டெராபைட்டுக்கு மேல் போக வேண்டாம், எம்பிஆர் அட்டவணையால் அதற்கு மேல் எண்ண முடியாது. 2002க்கு முந்தைய போர்டுகளிலும், சர்வீஸ் பேக் 1 இல்லாத எக்ஸ்பியிலும் 137 ஜிபி எல்லை உண்டு. ஐடிஇ மட்டும் உள்ள போர்டுக்கு சாட்டாவை ஐடிஇயாக மாற்றும் சின்ன அட்டை கிடைக்கிறது. சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களில் விசாரியுங்கள்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8இலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இலும் முடிந்துவிட்டது. பேஜ்மேக்கருக்காகவும், சாஃப்ட்வேருக்குப் பூட்டாக வரும் பழைய டாங்கிளுக்காகவும் அவற்றை வைத்திருப்பதில் தவறில்லை. அந்த மெஷினில் இன்டர்நெட் மட்டும் வேண்டாம்.

இந்த டிஸ்க்கை அப்படியே வேறு மெஷினில் மாட்டி பூட் செய்யலாமா?

ஃபைல் எடுக்க மாட்டலாம். அதே எக்ஸ்பியை அங்கே ஓடவைக்கப் பார்த்தால், போர்டு வேறு என்பதால் பெரும்பாலும் அதே 7பி நீலத் திரைதான் வரும்.

கடையில் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

திரையில் வந்த வரியின் போட்டோவைக் காட்டுங்கள். கடைசியாக எப்போது நன்றாக ஓடியது, அதற்குப் பிறகு கரண்ட் கட், இடி மின்னல், கீழே விழுந்தது என்று ஏதாவது நடந்ததா என்பதைச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் "டேட்டா வேண்டும், கேட்காமல் ஃபார்மேட் செய்ய வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே உங்கள் போன் நம்பரையும் போட்டு, கேபினெட்டின் மேல் டேப் வைத்து ஒட்டிவிடுங்கள். கடையில் உங்களிடம் மெஷினை வாங்கிக்கொள்பவர் ஒருவர், கழற்றுபவர் வேறொருவராக இருப்பார். மாற்றிய பழைய டிஸ்க்கையும் கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றித் தேதி எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.